சளிக்காய்ச்சலின் அறிகுறிகளும் உடலின் எதிர்ப்பாற்றலும்: 1918 முதல் 2021 வரை

தும்மல், மூக்கொழுகல், தொண்டை வலி, இருமல், காய்ச்சல், உடல்வலி, அசதி ஆகியவை சுவாச உறுப்புகளைத் தாக்கும் வைரஸ் நோய்களின் பொதுவான அறிகுறிகள். இவற்றையெல்லாம் வைரஸே நேரடியாக உண்டாக்குகிறது என்று பலரும் நினைக்கின்றனர். உண்மையில் இவற்றுள் பெரும்பாலானவை வைரஸை எதிர்க்க நம் உடல் செய்யும் வேலையின் வெளிப்பாடுகள். காய்ச்சலை மூட்டுவது உடல்தான். மூக்கை வீங்க வைப்பதும் உடல்தான்.

இந்த உண்மை ஒரே நாளில் தெரியவந்ததன்று. இதை அறிய மருத்துவ உலகுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த வரலாற்றின் சில முக்கியமான பக்கங்கள் இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் எழுதப்பட்டன. 1918, 1957, 2020 ஆகிய மூன்று பெருந்தொற்றுகளை வரிசையாகப் பார்த்தால், அறிகுறிக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பு படிப்படியாக விளங்கும்.

பழைய கருத்துகள்

வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றும் தத்தம் அளவில் நிற்கும் வரை உடல் நலமாக இருக்கும், அளவு மாறினால் நோய் வரும் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. திருக்குறளின் மருந்து அதிகாரமும் இந்தக் கருத்தோடுதான் தொடங்குகிறது. யூகி வைத்திய சிந்தாமணி சுரங்களை 64 வகையாகப் பிரிக்கிறது. கிருமி என்ற கருத்து இந்த நூல்களில் இன்றைய பொருளில் இல்லை. ஆனாலும் காய்ச்சலை உடலுக்குள் நிகழும் ஒரு மாற்றமாக அவை பார்த்தன என்பது கவனிக்கத்தக்கது.

மேற்கில், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய எழுத்தாளர் செல்சஸ், அழற்சியின் நான்கு அடையாளங்களாகச் சிவத்தல், வீங்குதல், சூடு, வலி ஆகியவற்றைக் குறித்தார். நெடுங்காலம் இவை நான்கும் நோயின் கேடுகளாகவே எண்ணப்பட்டன.

இந்த எண்ணத்தை அசைத்தவர்களுள் முதன்மையானவர் ரஷ்ய அறிவியலாளர் மெச்னிகோவ். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தபோது, கண்ணாடிபோல் தெளிவான நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது, நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. வெள்ளையணுக்கள் அந்நியப் பொருளை நோக்கிச் சென்று அதை விழுங்க முயல்கின்றன, அழற்சி என்பது அந்தத் தற்காப்பின் வெளித்தோற்றம் என்று அவர் வாதிட்டார். 1908-இல் பால் எர்லிக்குடன் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

1918: வலுவானவர்கள் மடிந்த ஆண்டு

மெச்னிகோவ் பரிசு பெற்ற பத்தாண்டுகளில் உலகம் இன்ஃபுளுவென்சாப் பெருந்தொற்றைச் சந்தித்தது. இந்தியாவில் 1918 ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டி நோய் முதலில் கவனிக்கப்பட்டது. முதல் அலை பெரும்பாலும் லேசாகக் கடந்துபோனது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலை ரயில் பாதைகள் வழியே நாடு முழுவதும் பரவி, அந்த ஆண்டின் இறுதி மாதங்களில் ஊர் ஊராகச் சூறையாடியது. அதே ஆண்டு தென்மேற்குப் பருவமழையும் பொய்த்ததால் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது.

இந்தியாவில் இறந்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ 1.2 கோடி முதல் 2 கோடி வரை இருக்கும் என்று வெவ்வேறு ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் பாதிப்பு ஒப்பளவில் குறைவு. 1911-இல் சுமார் 25.2 கோடியாக இருந்த இந்திய மக்கள்தொகை 1921-இல் சுமார் 25.1 கோடியாகக் குறைந்தது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த பத்தாண்டு இது ஒன்றுதான்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. விருதுநகருக்கு விருதுபட்டி என்பதே பெயர். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்க இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. மானாவாரி விவசாயத்தை நம்பிய கரிசல் பூமி இது. மழை பொய்த்த ஆண்டில் காய்ச்சலும் வந்தால் என்ன ஆகும் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பெருந்தொற்று மருத்துவர்களிடம் ஒரு பெரிய கேள்வியை விட்டுச் சென்றது. சாதாரண ஆண்டுகளில் இன்ஃபுளுவென்சா குழந்தைகளையும் முதியவர்களையும்தான் அதிகம் கொல்லும். 1918-இல் 20 முதல் 40 வயது வரையுள்ளவர்கள் பெருமளவில் இறந்தனர். இந்தியாவின் சுகாதார ஆணையராக இருந்த நார்மன் ஒயிட்டின் அறிக்கையும் இதைப் பதிவு செய்தது. எதிர்ப்பாற்றல் மிக்க வயதினர் எதனால் அதிகம் மடிந்தனர்? இதற்கு விடை தேட முதலில் கிருமி எது என்று தெரிய வேண்டியிருந்தது.

கிருமியைத் தேடிய காலம்

1892-இல் ஜெர்மானிய அறிவியலாளர் ரிச்சர்ட் ஃபைஃபர், நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, அதுவே இன்ஃபுளுவென்சாவுக்குக் காரணம் என்று அறிவித்தார். 1918-இல் பல நாடுகளிலும் இந்தக் கருத்தை ஒட்டியே தடுப்பூசிகள் தயாரிக்கப்பட்டன. அந்தப் பாக்டீரியா, வைரஸ் தாக்கிய நுரையீரலில் பின்னால் வந்து குடியேறுவது என்பது பிறகுதான் தெளிவானது.

1933-இல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் மனித இன்ஃபுளுவென்சா வைரஸைப் பிரித்தெடுத்தனர். நோயாளியின் தொண்டைக் கழுவலை வடிகட்டி, கீரியின் சாயலுள்ள ஃபெரட் என்ற விலங்கின் மூக்கில் விட்டபோது, அதற்கும் காய்ச்சலும் தும்மலும் வந்தன. 1936-இல் நோயுற்ற ஃபெரட் ஒன்று சார்லஸ் ஸ்டூவர்ட்-ஹாரிஸ் என்ற ஆய்வாளர்மீது தும்ம, அவரும் நோயில் விழுந்தார். நோய்க்குக் காரணம் வைரஸ் என்பது உறுதியாயிற்று. ஆனால் மூக்கிலும் தொண்டையிலும் பெருகும் வைரஸால் முழங்காலும் முதுகும் ஏன் வலிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அப்போதும் விடை இல்லை.

1957: சென்னைத் துறைமுகமும் இன்டர்ஃபெரானும்

1957 மே மாத நடுவில், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலில் பயணிகள் பலர் காய்ச்சலோடு இறங்கினர். ஆசிய ஃப்ளூ என்று பெயர்பெற்ற பெருந்தொற்று இந்தியாவுக்குள் நுழைந்த வழி இதுதான். சில வாரங்களிலேயே அது நாடெங்கும் பரவியது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃபுளுவென்சா மையம் இந்தத் தொற்றைத் தொடர்ந்து கண்காணித்தது. அங்குப் பணியாற்றிய ஐ. ஜி. கே. மேனன் 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இதன் வரலாற்றை எழுதினார். 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கும் மேல். பதிவான இறப்புகள் சுமார் 1,100. பதிவாகாமல் போனவை இதனினும் மிகுதியாக இருந்திருக்கும் என்றாலும், 1918-ஐ ஒப்பிட்டால் சேதம் குறைவே. வைரஸின் வகை வேறு. பின்தொடரும் பாக்டீரியா நிமோனியாவுக்குப் பெனிசிலின் போன்ற மருந்துகளும் அப்போது வந்துவிட்டன.

அதே 1957-ஆம் ஆண்டில், லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் என்ற இருவர் கோழிமுட்டைக் கருவின் சவ்வில் செயலிழந்த இன்ஃபுளுவென்சா வைரஸை வைத்து ஆராய்ந்தனர். வைரஸைச் சந்தித்த செல்கள் ஒரு பொருளைச் சுரந்தன. அந்தப் பொருளைப் புதிய சவ்வின்மீது இட்டால், அதில் வைரஸ் பெருக முடியவில்லை. வைரஸின் வேலையில் குறுக்கிடுவதால் அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர். தாக்கப்பட்ட செல், தான் அழியும் முன் அக்கம்பக்கத்துச் செல்களுக்கு அனுப்பும் எச்சரிக்கை இது.

பின்னாளில் இன்டர்ஃபெரான் மருந்தாகத் தயாரிக்கப்பட்டுப் புற்றுநோயாளிகளுக்கும் கல்லீரல் அழற்சி நோயாளிகளுக்கும் ஊசியாகப் போடப்பட்டது. அப்போது நோயாளிகளுக்குக் குளிரும் காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் கடும் அசதியும் வந்தன. ஃப்ளூ வைரஸ் இல்லாமலேயே ஃப்ளூவின் அறிகுறிகள் தோன்றின. முழங்கால் ஏன் வலிக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. வைரஸ் அங்கே போவதில்லை. இரத்தத்தில் கலந்த எச்சரிக்கைப் பொருள்கள் உடல் முழுவதும் போகின்றன.

காய்ச்சல் எப்படி உண்டாகிறது?

1948-இல் அமெரிக்க மருத்துவர் பால் பீசன், வெள்ளையணுக்களிலிருந்து எடுத்த ஒரு பொருள் உடல் வெப்பத்தை ஏற்றுவதைக் காட்டினார். இத்தகைய பொருள்களை இன்று சைட்டோகைன்கள் என்கிறோம். இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-6 போன்ற இவை இரத்தம் வழியே மூளையை எட்டி, ஹைப்போதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்க வைக்கின்றன. உடலின் வெப்ப அளவு அங்கே உயர்த்தி வைக்கப்படுகிறது. 98.6 டிகிரியில் இருந்த உடல் 102 டிகிரியை நோக்கிப் போக வேண்டியிருப்பதால் நமக்குக் குளிர்கிறது, நடுங்குகிறது. இறங்கும்போது வியர்க்கிறது. ஆஸ்பிரின் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பைத் தடுத்தே வேலை செய்கிறது என்பதை 1971-இல் ஜான் வேன் கண்டறிந்தார். 1982-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காய்ச்சலால் உடலுக்குப் பயன் உண்டா? 1975-இல் மேத்யூ குளூகரும் அவருடைய குழுவினரும் பாலைவன இகுவானா என்னும் பல்லியினத்தைக் கொண்டு இதைச் சோதித்தனர். இவை தம் உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து பெறுபவை. பாக்டீரியாவால் தொற்றுண்ட இகுவானாக்களை வெப்பமான இடத்தில் வைத்தபோது அதிகமானவை பிழைத்தன. குளிர்ந்த இடத்தில் வைத்தவை அதிகம் இறந்தன. அளவான காய்ச்சல் தற்காப்பின் ஒரு பகுதி என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் 1946 முதல் 1990 வரை இயங்கிய சளி ஆய்வு மையம் இன்னொரு பாடத்தைத் தந்தது. அங்கே தன்னார்வலர்களின் மூக்கில் சளி வைரஸ் விடப்பட்டது. தொற்று ஏற்பட்டவர்களுள் சிலர் தும்மினர், சிலருக்கு ஓர் அறிகுறியும் இல்லை. ஒரே வைரஸுக்கு உடலுக்கு உடல் பதில் வேறுபடும் என்பது இதனால் விளங்கியது. மனிதரைத் தாக்கும் கொரோனா வைரஸ் ஒன்றை 1965-இல் டேவிட் டைரல் குழு கண்டறிந்ததும் இந்த மையத்தில்தான்.

அறிகுறிகளும் அவற்றின் காரணங்களும்

மூக்கடைப்பு: பிராடிகைனின் போன்ற அழற்சிப் பொருள்கள் மூக்கின் இரத்தக் குழாய்களை விரிக்கின்றன. உட்சுவர் வீங்கி வழி அடைபடுகிறது. சாதாரண சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸ் மூக்கின் செல்களை அதிகம் அழிப்பதில்லை. தொல்லையின் பெரும்பங்கு அழற்சியால் வருவது.

பச்சைச் சளி: சண்டையில் மடிந்த வெள்ளையணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம் பச்சை. அது மிகும்போது சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுகிறது. வைரஸ் சளியிலும் இது நடக்கும். நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் சாப்பிடத் தேவையில்லை.

இருமல்: மூச்சுக்குழாயின் நரம்பு முனைகள் அழற்சியால் கூருணர்வு பெறுகின்றன. சிறு தூசும் குளிர்காற்றும் இருமலைத் தூண்டும். வைரஸ் நீங்கிய பிறகும் இந்த நிலை 2 அல்லது 3 வாரம் நீடிக்கலாம்.

அசதியும் பசியின்மையும்: சைட்டோகைன்கள் மூளையில் செயல்பட்டு உடலை ஓய்வுக்குத் தள்ளுகின்றன. எதிர்ப்பு வேலைக்கு வேண்டிய ஆற்றலை உடல் இப்படிச் சேமிக்கிறது.

நெறிகட்டுதல்: கழுத்திலும் தாடைக்கடியிலும் உள்ள நிணநீர்க் கணுக்களில் எதிர்ப்புச் செல்கள் பெருகுவதால் அவை வீங்குகின்றன. ஒரு வாரத்துக்குள் அந்த வைரஸுக்கென்றே அமைந்த எதிர்ப்பொருள்கள் உருவாகத் தொடங்கும்.

1918-இன் புதிருக்கு விடை

1918-இல் இறந்தோரின் உடல்கள் அலாஸ்காவின் பிரெவிக் மிஷன் என்ற ஊரில் உறைபனி மண்ணில் புதைக்கப்பட்டிருந்தன. யோகன் ஹல்டின் 1951-இல் அங்கே சென்று வைரஸைத் தேடித் தோற்றார். 1997-இல் தமது 72-ஆம் வயதில் மீண்டும் சென்று நுரையீரல் திசுவை எடுத்துவந்து ஜெஃப்ரி டாபன்பெர்கரின் ஆய்வகத்துக்குக் கொடுத்தார். 2005-இல் அந்த வைரஸின் மரபணு வரிசை முழுமையாக வெளியிடப்பட்டு, வைரஸும் கடும் பாதுகாப்புள்ள ஆய்வகத்தில் மீண்டும் உருவாக்கப்பட்டது. 2007-இல் குரங்குகளில் சோதித்தபோது, எதிர்ப்பாற்றல் கட்டுக்கடங்காமல் எழுந்து நுரையீரலைச் சிதைத்தது தெரிந்தது. சைட்டோகைன் புயல் என்று இதைச் சொல்கிறார்கள்.

சிவகாசியில் அச்சகக் கிடங்குகள் மிகுதி. ஒரு மூலையில் பற்றிய தீயை அணைக்கப் பாய்ச்சும் தண்ணீர், தீ தொடாத தாள் கட்டுகளையும் நனைத்துப் பாழாக்கிவிடும். சைட்டோகைன் புயலும் அத்தகையது. காற்று இருக்க வேண்டிய நுரையீரல் நுண்ணறைகளில் அழற்சி நீர் தேங்கி, மூச்சுக்கு இடமில்லாமல் போகிறது.

1918-இன் எல்லா மரணங்களுக்கும் இது ஒன்றே காரணம் என்று கொள்ளக்கூடாது. பாதுகாக்கப்பட்டிருந்த திசுக்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வு, பெரும்பாலான இறப்புகளில் பாக்டீரியா நிமோனியாவும் சேர்ந்திருந்ததைக் காட்டியது. வைரஸும் அழற்சியும் புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியா எளிதாகப் புகுந்தது.

2020–2021: காலம் தவறிய எதிர்ப்பு

கோவிட்-19 பெருந்தொற்றில் இந்தப் பாடம் மருத்துவமனைகளில் நேரடியாகச் சோதிக்கப்பட்டது. இங்கிலாந்தில் நடந்த ரெக்கவரி ஆய்வின் முடிவு 2020 ஜூனில் அறிவிக்கப்பட்டது. டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு, எதிர்ப்பாற்றலை அடக்கும் மலிவான பழைய மருந்து. அதைப் பெற்றவர்களுள், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பு 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 விழுக்காடாகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் 26.2-லிருந்து 23.3 ஆனது. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு எந்தப் பயனும் இல்லை. அவர்களில் மருந்து பெறாதோரின் இறப்பு 14.0, பெற்றோரின் இறப்பு 17.8 விழுக்காடு. மருந்து தீங்கு செய்திருக்கவும் கூடும் என்பதையே இந்த எண்கள் உணர்த்தின.

அதே 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த 987 கோவிட் நோயாளிகளுள் 101 பேரின் உடலில், தங்கள் இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. 1957-இல் கோழிமுட்டையில் கண்டறியப்பட்ட அந்த எச்சரிக்கைப் பொருள் தொடக்கத்தில் வேலை செய்யாததால் வைரஸ் தடையின்றிப் பெருகியது. முதல் நாள்களில் எதிர்ப்பு குறைந்தாலும் ஆபத்து, பிந்தைய நாள்களில் அது மிகுந்தாலும் ஆபத்து.

இந்த வேறுபாட்டை உணராமல், நோயின் தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கியவர்கள் நாட்டில் பலர். அளவுக்கு மீறிய ஸ்டீராய்டும் கட்டுப்படாத சர்க்கரை நோயும் சேர்ந்த உடல்களில் 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியது. கண்ணையும் தாடையையும் இழந்தவர்கள் உண்டு. 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி, இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2021 மே மாதத்தில் ஆணையிட்டது.

பட்டாசுத் தொழில் வட்டாரத்துக்கு இதன் பயன்

நாரணாபுரம், சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களே பிழைப்பு. செய்த வேலைக்கு ஏற்பக் கூலி பெறுவோர் அதிகம் என்பதால், ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் வருமானம் போகும். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது இங்கே வழக்கம். பாராசிட்டமால் காய்ச்சலைத் தணிக்கும், வைரஸைத் தணிக்காது. ஃப்ளூ வைரஸ் மிகுதியாக வெளிப்படுவது முதல் சில நாள்களில்தான். காய்ச்சல் இறங்கிய தைரியத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும், வீட்டில் உள்ள முதியவருக்கும் நோய் போய்ச் சேரும்.

சளி மாத்திரைகள் பலவற்றில் தூக்கம் வரவழைக்கும் மருந்து உண்டு. காய்ச்சலின் அசதியும் அந்தத் தூக்கமும் சேர்ந்த நிலையில் மருந்துக் கலவை அறையில் வேலை செய்வது உயிருக்கே ஆபத்து. உராய்வுக்கும் அதிர்வுக்கும் இடம் தரக்கூடாத இடத்தில் கை தளரக்கூடாது. அன்று அந்தத் தொழிலாளிக்கு வேறு வேலை கொடுப்பதோ விடுப்பு தருவதோ பாதுகாப்பு விதியாகவே கொள்ளப்பட வேண்டும்.

ரசாயனத் தூசாலும் கந்தகப் புகையாலும் இருமலும் தும்மலும் வரும். நரம்பு முனைகள் தூண்டப்படுவது இரண்டிலும் ஒன்றே. தூசால் வருவதில் பொதுவாகக் காய்ச்சலோ நெறிகட்டுதலோ இருக்காது. வேலையிடத்தை விட்டு விலகினால் குறையும். நாள்பட்ட இருமலைச் சளி என்று ஒதுக்கிவிடாமல் ஆஸ்துமாவுக்கும் காசநோய்க்கும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

முதியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எதிர்ப்பாற்றல் தளர்ந்த உடலில் காய்ச்சல் ஏறாமலேயே நிமோனியா முற்றிவிடலாம். திடீர்க் குழப்பமும், சாப்பிட மறுப்பதும், வேகமான மூச்சும் அவர்களிடம் காய்ச்சலுக்கு ஈடான அறிகுறிகள். எந்த வயதினருக்கும் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலம் பூத்தல், இறங்கிய காய்ச்சல் சில நாள் கழித்துத் திரும்பிக் கடுமையாதல் ஆகியவை இருந்தால் மருத்துவமனைக்குத் தாமதமின்றிச் செல்ல வேண்டும்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று சொல்லிப் பல பொருள்கள் விற்கப்படுகின்றன. கூட்டிக்கொண்டே போனால் நல்லது என்ற எண்ணத்துக்கு மேலே கண்ட வரலாறு இடம் தரவில்லை. எதிர்ப்பாற்றல் உரிய நேரத்தில் எழவும் வேண்டும், உரிய நேரத்தில் அடங்கவும் வேண்டும். தடுப்பூசி செய்வது இதைத்தான். எதிரியை முன்கூட்டியே அடையாளம் காட்டிவிடுவதால், உடல் விரைவாக எழுந்து வேலையை முடித்து விரைவாகவே அடங்குகிறது. தடுப்பூசி போட்ட மறுநாள் வரும் லேசான காய்ச்சலும் கைவலியும் அந்தப் பயிற்சியின் அறிகுறிகளே. அதற்கு அஞ்சி அடுத்த தவணையைத் தவிர்க்க வேண்டியதில்லை.